ஒருத்தர் சொன்ன பூண்டு

சுங்கை ஆயர் தாவார்
10.11.2024

தங்கச்சி வேலம்மாவுக்கு,

அண்ணன் நல்லசாமி எழுதுவது. நானும் உன் அண்ணி ரமணியும் சுகம். மழை வரப்போவதை வானொலிக்கு முன்னால் ரமணியின் முழங்கால் சொல்லிவிடுகிறது, அது ஒன்றுதான் தொந்தரவு. உன் உடம்பு எப்படி? சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறாயா?

கடிதத்தைப் பார்த்ததும் அண்ணன் இறங்கி வந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே. ஜூன் மாதம் நித்தியாவின் கல்யாணத்துக்கு முன்னால் போனில் உன்னிடம் என்ன சொன்னேன்? "என்னை ஒரு வார்த்த கேக்காம சீனப் பையனுக்குப் பொண்ணக் குடுக்கிற. இனிமே ஒங்கூட பேச மாட்டேன்." பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்ன சொல் சொன்னபடியே நிற்கிறது.

விஷயம் பூண்டு. வீட்டுக்குப் பின்னால் கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாம் எனக்கு அடங்கி நடக்கின்றன. பூண்டு மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது. நடுகிறேன், முளைக்கிறது, அழுகிவிடுகிறது. தீபாவளிக்கு மறுநாள் கோயில் பந்தியில் முகுந்தனிடம் இதைச் சொல்லித் தொலைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர், எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். இன்னமும் எல்லோருக்கும் தானே மண்டோர் என்ற நினைப்பு. "பூண்டா? இந்தச் சூட்டுல ஜென்மத்துக்கும் வராது லா. அது குளிர் நாட்டுச் சாமான்" என்றார்.

"வரும். அடுத்த வருஷம் ஒங்க வீட்டு ரசத்துக்கு என் கொல்லைப் பூண்டுதான்" என்று சொல்லிவிட்டேன். பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஆகவே வந்தாக வேண்டும்.

போன வருஷம் உன் வீட்டுக்கு வந்தபோது பின்பக்கம் பழைய பெயிண்ட் வாளியில் பூண்டு பச்சையாக நின்றதைப் பார்த்தேன். எப்படிச் செய்தாய் என்று விவரமாக எழுது. பூண்டைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

உன் அண்ணன்,
நல்லசாமி


பத்தாங் காலி
18.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சியின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். மாத்திரை போடுகிறேன், இனிப்பும் சாப்பிடுகிறேன், இரண்டையும் நிறுத்தவில்லை. அண்ணியின் காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

பேசமாட்டேன், ஆனால் எழுதுவேன் என்ற சட்டத்தைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சரி, அப்படியே இருக்கட்டும்.

அந்த வாளியை வைத்தது நான் இல்லை. ஒருத்தர் வைத்தார். பெயரை எழுதினால் நீங்கள் கடிதத்தை இந்த இடத்திலேயே மடித்துப் போட்டுவிடுவீர்கள், பூண்டும் வராது. அதனால் ஒருத்தர் என்றே எழுதுகிறேன். பத்தாங் காலியில் உரமும் விதையும் விற்கும் கடை வைத்திருக்கிறார். என் மகள் தினமும் சோறு போடுவது அவருக்குத்தான். இதற்கு மேல் நீங்களாகக் கண்டுபிடித்தால் நான் பொறுப்பில்லை.

அவர் சொன்னது இது. பூண்டுக்குக் குளிர் காட்டாமல் நட்டால் வெறும் இலைதான் விடும், அடியில் பல் பிரியாது. நம் ஊரில் குளிருக்கு எங்கே போவது? ஐஸ் பெட்டிக்குத்தான் போக வேண்டும். கடையில் வெள்ளை வெளேரென்று மினுமினுப்பாக இருப்பதை வாங்காதீர்கள், அது முளைக்காமல் இருக்க மருந்து பட்டதாக இருக்கலாம். தோலில் ஊதா ஓடியதாக, கையில் கனமாக இருப்பதை எடுங்கள். பல்லைப் பிரிக்காமல் முழுசாகக் காகிதப் பையில் போட்டு ஐஸ் பெட்டியில் காய்கறி வைக்கும் தட்டில் வையுங்கள். மேலே ஐஸ் கட்டும் இடத்தில் வைத்தால் செத்துவிடும். ஜனவரி பிறக்கும் வரை அங்கேயே கிடக்கட்டும்.

அதற்குள் பாத்தியைத் தயார் செய்யுங்கள். உங்கள் கரையோர மண் களிமண், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உங்கள் பூண்டு அழுகியதற்குக் காரணம் அதுதான் என்கிறார். முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, மணலும் மக்கிய ஆட்டு எருவும் கலந்து, கொஞ்சம் சுண்ணாம்பும் போட்டு ஆறவிடுங்கள். நடுகிற அன்றைக்குத்தான் பல்லைப் பிரிக்க வேண்டும். தோலை உரிக்க வேண்டாம். கூர்முனை மேலே பார்க்க, இரண்டு விரல் ஆழத்தில், அரைச் சாணுக்கு ஒன்றாக. வெளிச் சுற்றில் இருக்கும் பெரிய பல்லை மட்டும் நடுங்கள், நடுவில் இருக்கும் பொடியை ரசத்தில் போடுங்கள்.

ஒன்றை உள்ளபடியே சொல்லச் சொன்னார். மலையில் வருவதுபோல் பெரிதாக வராது. சிலது பல்லே பிரியாமல் உருண்டையாக நின்றுவிடும். ஆனாலும் அது பூண்டுதான்.

அன்புத் தங்கச்சி,
வேலம்மா


சுங்கை ஆயர் தாவார்
12.01.2025

வேலம்மாவுக்கு,

இங்கு இருவரும் சுகம். நீ எழுதியபடி ஒத்தடம் கொடுத்தோம், ரமணி கோயிலைச் சுற்றி வருகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஐஸ் பெட்டியால் வீட்டில் பெரிய சண்டை. "தயிரைத் தொறந்தா பூண்டு, பாலைத் தொறந்தா பூண்டு. ஒங்க தங்கச்சி வீட்டு ஆளுங்க பேச்சக் கேட்டு என் சமையலக் கெடுக்கிறீங்க" என்றாள். ஆனால் பையை வெளியே எடுத்துப் போடவில்லை. நான் இல்லாத நேரத்தில் அவளே திறந்து பார்த்து, ஈரம் கட்டாமல் காகிதத்தை மாற்றியிருக்கிறாள்.

பாத்தி கட்டியாயிற்று. மணலையும் எருவையும் நானே சுமந்து கொட்டினேன். நட்டும் முடித்துவிட்டேன். பல்லைப் பிரிக்கும்போதே அடியில் வெள்ளையாக வேர் மொட்டுத் தெரிந்தது. போன தடவைகளில் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது, இந்தத் தடவை பிழைக்கும். முகுந்தன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்க்கிறார். பார்க்கட்டும்.

உன் ஒருத்தர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. அவரிடம் இரண்டு கேள்வி கேட்டு எழுது. சுங்கை பெசாரில் நெல் அறுத்த வயலிலிருந்து ஒரு மூட்டை வைக்கோல் வாங்கி வந்திருக்கிறேன், மேலே பரப்பலாமா? முகுந்தன் வீட்டுக் கோழிகள் வந்து கிளறுகின்றன, அதற்கு என்ன வழி? மண்டோரிடம் சொன்னால், "கோழிக்குக் கூட தெரியுது, அங்க ஒண்ணும் வராதுன்னு" என்கிறார்.

வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

உன் அண்ணன்,
நல்லசாமி


பத்தாங் காலி
22.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் நல்லபடி முடிந்திருக்கும். இங்கும் பால் பொங்கியது, அடுப்பும் நனைந்தது.

வைக்கோல் நல்லதுதானாம். வெயிலுக்கு மண் சூடேறாது, களையும் குறையும். ஆனால் தண்டை ஒட்டி அணைக்கக் கூடாது, செடியைச் சுற்றிக் காலியாக விடுங்கள். கோழிக்கு வலைதான் ஒரே வழி. மீன்பிடி வலை பழசு கிடைத்தால் கம்பு நட்டுச் சுற்றிக் கட்டுங்கள் என்கிறார். தண்ணீர் காலையில் மட்டும், இலையில் படாமல் அடியில் ஊற்ற வேண்டும்.

எல்லோரும் சுகமா என்று கேட்டிருந்தீர்கள். எல்லோரும் சுகம். அந்த எல்லோரில் இப்போது ஒன்று கூடியிருக்கிறது. நித்தியா முழுகாமல் இருக்கிறாள். ஜூன் கடைசியில் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ராவாங் ஆபீசுக்கு இன்னமும் போய் வருகிறாள், போகாதே என்றால் கேட்பதில்லை.

பூண்டைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னீர்கள். இதை மட்டும் மன்னித்துவிடுங்கள்.

அன்புத் தங்கச்சி,
வேலம்மா


சுங்கை ஆயர் தாவார்
09.03.2025

வேலம்மாவுக்கு,

இருவரும் சுகம். உன் கடிதம் வந்தது. கொல்லையில் வேலை அதிகம், உடனே எழுத முடியவில்லை.

பூண்டு முழங்காலைத் தொடும் உயரம் வந்துவிட்டது. வலை கட்டிய பிறகு கோழிகள் தோற்றுவிட்டன. முகுந்தன் ஒரு நாள் வலையைத் தூக்கி இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். "வெறும் எலதான் லா" என்று சொல்லிக்கொண்டே கிள்ளியதை வாயில் போட்டு மென்றுகொண்டு போனார்.

ஒரு வாரமாக இலை நுனி மஞ்சளாகிறது. எல்லாச் செடியிலும் இல்லை, பாத்தியின் தாழ்ந்த ஓரத்தில் மட்டும். உரம் போதவில்லையா? அவரிடம் கேட்டு எழுது.

ரமணி கேட்கச் சொன்னாள், வாந்தி நின்றுவிட்டதா? சோறு இறங்குகிறதா? பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாளா? சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளி விடுமுறைக்கு வந்தால் என் லோரியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள், ஜெராம் ஊரைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பாள், ஆனாலும் இறங்க மாட்டாள். பஸ் குலுக்கல் அவளுக்கு ஆகாது. இதையும் ரமணிதான் எழுதச் சொன்னாள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு நிறைய வேண்டும். கடைப் பூண்டில் என்ன அடித்திருக்கிறார்களோ. அதனால்தான் இந்தப் பாத்தியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்,
நல்லசாமி


பத்தாங் காலி
17.03.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? இங்கு நாங்கள் நலம். வாந்தி நின்றுவிட்டது, மாங்காய் கேட்கிறாள். இதையெல்லாம் அண்ணி என்னிடம் போனில் கேட்டு ஒரு மாதம் ஆகிறது. ஆகவே யார் கேட்கச் சொன்னது, யார் கேட்கிறது என்று எனக்குத் தெரியும்.

முதலில் பூண்டு. உரம் போடாதீர்கள். தாழ்ந்த ஓரம் என்று எழுதியிருக்கிறீர்கள், தண்ணீர் அங்கே தங்குகிறது. விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். அந்த ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

இனி மற்றது. ஏப்ரல் இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, கடைக்கு மேலே அவர்கள் வீட்டில். முந்தாநாள் நித்தியாவிடம் கேட்டேன்.

"மாமாவக் கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? கல்யாண மேடையில தாய்மாமன் நாற்காலி காலியாக் கெடந்துச்சு. போட்டோவுலகூட தெரியுது. இப்ப வளையல் போட மட்டும் வருவாரா?"

"அவரு மாறிட்டாருமா. நாலு மாசமா எழுதறாரு."

"என்ன எழுதறாரு? என் புருஷன்கிட்டதான் எல்லாத்தையும் கேட்டுக்கிறாரு. அவரு பேர ஒரு தடவையாவது எழுதியிருக்காரா? எடுத்துக் காட்டுங்க பாப்போம்."

எடுத்துப் பார்த்தேன் அண்ணா. நீங்கள் எழுதியிருக்கவில்லை. நானும்தான் எழுதவில்லை. உங்களுக்குப் பயந்து, என் மாப்பிள்ளையை ஒருத்தர் ஆக்கி வைத்திருக்கிறேன். அவர் பக்கத்தில்தான் நின்று உரம் நிறுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டது. மூட்டையைக் கட்டி முடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தே, அந்த மஞ்சளுக்குத் தண்ணிதான் காரணம், மறக்காம எழுதுங்க" என்றார்.

வாருங்கள் என்று எழுத அவள் விடவில்லை. வராதீர்கள் என்று எழுத என்னால் முடியவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

அவர் பெயர் செங்.

அன்புத் தங்கச்சி,
வேலம்மா


சுங்கை ஆயர் தாவார்
01.04.2025

மகன் செங்குக்கு,

நல்லசாமி எழுதுவது. நீங்களும் என் மருமகள் நித்தியாவும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும்.

எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். ரமணிதான் சொன்னாள், "தங்கச்சி மக ஒங்களுக்கு மருமக. மருமகளக் கட்டினவன் மகன் மொறதானே? அப்படியே எழுதுங்க." எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகையால் அந்தச் சொல்லை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

நீங்கள் சொன்னபடி தண்ணீரை நிறுத்தினேன், வாய்க்கால் வெட்டினேன். மஞ்சள் நின்றது. பிறகு விடாமல் மழை. தாழ்ந்த ஓரத்துச் செடிகளின் தண்டு கொழகொழத்துவிட்டது, பிடுங்கினால் வேர் சிவந்து அழுகிய வாடை. அவற்றை எடுத்துத் தூரப் போட்டேன். பாத்தியில் பாதி போயிற்று. மீதிப் பாதி கெட்டியாக நிற்கிறது. அதையும் மழை தின்னும் முன்னால் பிடுங்கிவிடலாமா, காத்திருக்கலாமா? பாதி போனாலும் மீதி வரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உங்கள் கல்யாணத்துக்கு நான் வந்திருக்க வேண்டும். முகத்தைக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்றேன். ஏன் என்று நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் கேட்டதற்கெல்லாம் பதில் மட்டும் சொன்னீர்கள்.

உங்களுக்குத் தமிழ் படிக்க வருமா என்று தெரியாது. வராவிட்டால் நித்தியாவை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நல்லசாமி


பத்தாங் காலி
08.04.2025

மாமாவுக்கு வணக்கம்.

நான் செங். நான் பேசறேன், நித்தியா எழுதறா. எனக்குப் பேச்சு நல்லா வரும், படிக்க வராது. எங்க அப்பா மளிகைக் கடை வெச்சிருந்தாரு, எஸ்டேட் ஆளுங்ககிட்ட பேசிப் பேசி வந்தது லா. நீங்க சொகமா? அத்தைக்கு முழங்கால் வலி கொறஞ்சிருச்சா?

(அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். என் சொல் ஒன்றும் இதில் இல்லை. - நித்தியா)

அழுகினத எடுத்துப் போட்டது சரி. அந்த எடத்துல அடுத்த வருஷம் பூண்டு, வெங்காயம் போடாதீங்க, வேற எடம் பாருங்க. மிச்சத்த இப்பவே புடுங்காதீங்க. அடி எல ரெண்டு மூணு காயணும், மேல பச்ச இருக்கணும், கழுத்தத் தொட்டா மெத்துனு சாயணும். அப்ப எடுக்கணும். ரொம்ப நாள் விட்டாலும் மண்ணுக்குள்ளயே வெடிச்சு அழுகிடும். மழைக்கு மேல பிளாஸ்டிக் கட்டுங்க, பக்கத்துல மூடாதீங்க, காத்து போகணும்.

ஒரு விஷயம் மாமா. நானும் கடைக்குப் பின்னாடி போட்டேன். எனக்கு இந்த வருஷம் ஒண்ணும் தேறல. பத்தாங் காலி மழை ஒங்க ஊர் மழைய விட மோசம். அதனால எனக்கு எல்லாம் தெரியும்னு நெனைக்காதீங்க. ஒங்களுது வந்தா நான்தான் வந்து பாக்கணும்.

கல்யாணத்தப் பத்தி எழுதியிருந்தீங்க. எங்க அப்பாவும் மொதல்ல வேணாம்னுதான் சொன்னாரு. அப்புறம் வந்தாரு. நீங்க கொஞ்சம் லேட்டு, அவ்ளோதான்.

(இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தினேன். எழுது, எழுது என்று இவர்தான் விரட்டுகிறார். - நித்தியா)

இருபதாம் தேதி வாங்க. அத்தையையும் கூட்டிக்கிட்டு வாங்க.

செங்

(நான் கூப்பிடவில்லை. கடை அவருடையது. திறந்திருக்கிற கடைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், சுண்ணாம்பு வாங்கக்கூட வரலாம். உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். முதல் வரியை மட்டும் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. - நித்தியா)


பத்தாங் காலி
25.04.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததை அண்ணி சொன்னார். இனி நாம் போனிலேயே பேசலாம், தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாடியில் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அண்ணி மட்டும் மேலே வந்தார். வந்திருந்த பெண்கள் பாட்டும் சிரிப்புமாக இருந்தார்கள். நித்தியா கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். மாமா எங்கே என்று அவள் கேட்கவில்லை. நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கீழேயிருந்து உங்கள் குரல் வந்தது. "ஏன் தம்பி, இந்தச் சுண்ணாம்பு பழசா புதுசா?" அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். நித்தியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள், சந்தனம் எல்லாம் கரைந்து கழுத்து வரைக்கும் வழிந்தது.

"கூப்பிடேன்டி" என்றேன்.

"நான் ஏன் கூப்பிடணும்? வந்தவரு மேல வராம கீழ நின்னுக்கிட்டு சுண்ணாம்புக்கு வயசு கேக்கறாரு!"

சொல்லிவிட்டு அவளே எழுந்துவிட்டாள். பிடிக்கப் போனோம், கையைத் தட்டிவிட்டாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மாடிப்படி வரை போய், "மாமா! எல்லாரும் எவ்ளோ நேரம் காத்திருக்கிறது? கையக் கழுவிட்டு வாங்க, ஒரே மண்ணு" என்று கத்தினாள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் வளையலை மாட்டத் தெரியாமல் திண்டாடியதும், அவள் தன் விரல்களைக் குவித்து உங்களுக்கு வழி செய்து கொடுத்ததும் போட்டோவில் இருக்கிறது.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். அவ்வளவு நேரம் கீழே மாப்பிள்ளையும் நீங்களும் என்ன பேசினீர்கள்? அவரைக் கேட்டால் "பூண்டு" என்று மட்டும் சொல்கிறார்.

அன்புத் தங்கச்சி,
வேலம்மா


சுங்கை ஆயர் தாவார்
14.05.2025

தங்கச்சி வேலம்மாவுக்கு,

நானும் ரமணியும் சுகம். உன் கடிதத்தை ரமணி என்னிடம் வாங்கி இரண்டு நாள் தன்னிடமே வைத்திருந்தாள்.

பூண்டைத்தான் பேசினோம். கடையில் நுழைந்தபோது செங் யாருக்கோ உரம் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "மாமா, உக்காருங்க" என்று ஒரு மூட்டையைத் தட்டிக் காட்டினார். பையிலிருந்து செடிகளை வேரோடு எடுத்து மேசையில் வைத்தேன்.

ஒன்றை அறுத்தார். பல் பிரியவில்லை, வெறும் உருண்டை. அடுத்ததும் உருண்டை. மூன்றாவதை அறுக்காமல் நகத்தால் தோலை உரித்தார். உள்ளே நான்கு பல். "மாமா, பிரிஞ்சிருக்கு!" என்று கத்தி, பக்கத்துக் கடைக்காரரைச் சீனத்தில் கூப்பிட்டுக் காட்டினார். என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

அப்போதுதான் கேட்க முடிந்தது. "எம்மேல கோவம் இல்லியா?"

"இருந்துச்சு. கல்யாணத்தன்னிக்கு நித்தியா அழுதப்ப இருந்துச்சு. இப்ப மேல போங்க மாமா."

"அவ கூப்பிடலியே."

"கூப்பிட மாட்டா. ஆனா காலையிலேருந்து ஒரு நாற்காலியில யாரையும் உக்கார விடல. எங்கப்பா உக்காரப் போனாரு, அவரையே எழுப்பி விட்டுட்டா."

அதற்குப் பிறகுதான் சுண்ணாம்பு பழசா புதுசா என்று அவ்வளவு சத்தமாகக் கேட்டேன். மேலே கேட்கட்டும் என்றுதான்.

மே முதல் வாரத்தில் மீதிச் செடிகளை எடுத்து, இலைத் தண்டோடு கட்டி, பின்பக்கக் கூரைக்கு அடியில் காற்றாடத் தொங்கவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், பாதிக்கு மேல் ஒற்றைப் பல். மற்றவை மூன்று, நான்கு பல் வைத்திருக்கின்றன. சிறிசுதான். ஆனால் உரித்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது.

முகுந்தன் வீட்டுக்கு ஒரு பிடி கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் உருட்டிப் பார்த்தார்.

"சின்னதா இருக்கே லா."

"சின்னதுதான். இங்க வெளஞ்சது."

அடுத்த நாள் அவரே வேலி ஓரம் வந்தார். "ரசம் நல்லாத்தான் இருந்துச்சு. யாரு சொல்லிக் குடுத்தா?"

"என் மகன்."

"ஒங்களுக்கு ஏது மகன்?"

"பத்தாங் காலியில கடை வெச்சிருக்காரு" என்றேன்.

விதைக்குக் கொஞ்சம் நிறுத்திக்கொண்டு மீதியை எல்லாம் இந்த வாரம் நாங்களே கொண்டுவருகிறோம். பிள்ளை பெற்ற பிறகு நித்தியாவுக்கு நீ சமைத்துப் போடு. லேகியத்தை ரமணி கிளறுவாள், அதில் தலையிடாதே.

உன் அண்ணன்,
நல்லசாமி


பத்தாங் காலி
27.07.2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நித்தியா எழுதுகிறேன். நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். அவள் தூங்குகிற நேரம் பார்த்து எழுதுகிறேன். கையெழுத்து எங்காவது கோணலாகப் போனால் அவள் விழித்துவிட்டாள் என்று அர்த்தம்.

பிள்ளைக்கு முப்பதாம் நாள் சாமி கும்பிட்டுவிட்டு நீங்கள் கிளம்பிய பிறகு வீடே அமைதியாகிவிட்டது. அம்மாவும் அத்தையும் சமையல்கட்டில் போட்ட சண்டை இல்லாமல் சோறு ருசிக்கவில்லை. உங்கள் பூண்டு தீர்ந்துவிட்டது. ஒற்றைப் பல்லை அம்மா நல்லெண்ணெயில் முழுசாக வதக்கிக் குழம்பு வைப்பார், அதுதான் எனக்குப் பிடித்தது. பெரிய பூண்டு இனி வேண்டாம், உருண்டையாகவே விளையுங்கள். பால் நிறைய இருக்கிறது. உங்கள் பேத்தி அரை மணிக்கு ஒரு தரம் கேட்கிறாள், நானும் கொடுக்கிறேன்.

அவளை நாங்கள் கயல் என்கிறோம். செங்கின் அப்பா காய் யீ என்று சீனப் பெயர் வைத்து, காய், காய் என்று கூப்பிடுகிறார். இரண்டுக்கும் கண்ணை உருட்டுகிறாள்.

நவம்பரில் மறுபடி ஐஸ் பெட்டியில் பூண்டு வைக்கும் முன்னால் செங் அங்கு வந்து புது இடத்தில் பாத்தி கட்டித் தருவாராம். அத்தையின் தயிருக்குத் தனியாக ஒரு சின்ன ஐஸ் பெட்டி வாங்கலாமா என்றுகூட யோசிக்கிறார்.

நேற்று கோயிலுக்குப் போய்க் காதுகுத்துக்கு விசாரித்தோம். அடுத்த வருஷம் அவள் பிறந்தநாளுக்கு முன்னால் வைக்கலாம் என்றார்கள். "யார் மடியில உக்கார வெப்பீங்க? தாய்மாமன் இருக்காரா?" என்று பூசாரி கேட்டார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லையே. செங் என் முகத்தைப் பார்த்தார். நான் உங்கள் பெயரைச் சொன்னேன்.

மாமா, அவளுக்குக் கையும் காலும் ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை. அன்றைக்குத் திமிறுவாள், அழுவாள். என் பக்கம் கையை நீட்டுவாள், நானும் அழுதுகொண்டுதான் இருப்பேன். எங்கள் இரண்டு பேரையும் பார்க்காதீர்கள். அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
நித்தியா